எமது மிளகைத் தேடுகிறவர் எம்மைக் கண்டுபிடிப்பது எப்படி?

அண்மைக் காலமாக இரத்தோட்டைப் பகுதியில் ஒரு புதிய சொல் அடிபடுகின்றது. அது 'எஸ்.ஈ.ஓ.' என்பதாகும். இணையத்தளம் அமைத்துத் தருவதாகவும், கூகுளில் முதலாம் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதாகவும், அதன் பின்னர் வெளிநாட்டுக் கொள்வனவாளர் இடைத்தரகர் இல்லாமல் நேரே எம்மிடமே வருவார் எனவும் கூறிச் சிலர் விவசாயச் சங்கங்களை அணுகி வருகின்றனர். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த பெருமழையிலும் மண்சரிவிலும் வீட்டையோ தோட்டத்தையோ இழந்து, உறவினர் வீட்டிலும் வாடகை அறையிலும் இருந்துகொண்டு மீண்டும் எழ முயலும் குடும்பங்களுக்கு இப்பேச்சு இனிக்கத்தான் செய்யும். கையில் இருக்கும் சிறு பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கொடுக்க வேண்டாம் என்பதே எனது விடை. ஆனால் இணையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் கொடுக்காமலே நீங்கள் செய்யக்கூடிய பகுதிதான் இதில் பெரிய பகுதி. அதை விளக்கவே இக்கட்டுரை.

தேடுபொறி என்ன செய்கின்றது?

கூகுள் போன்றவற்றைத் தமிழில் தேடுபொறி என்பர். அது மூன்று வேலைகளைச் செய்கின்றது. உலகில் உள்ள இணையப் பக்கங்களை இடைவிடாது வாசித்துக்கொண்டு திரிகின்றது. வாசித்தவற்றை, தடித்த நூலொன்றின் இறுதியில் வரும் சொல்லடைவு போல ஒழுங்குபடுத்தி வைக்கின்றது. ஒருவர் கேள்வி கேட்டதும் அந்த அடைவைப் பார்த்து, பொருத்தமான பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரைப்படுத்திக் காட்டுகின்றது. முதலிரண்டு வேலைகளையும் முன்னைய தேடுபொறிகளும் செய்தன. மூன்றாவதில்தான் 1998இல் தொடங்கப்பட்ட கூகுள் மற்றவற்றை முந்தியது. அமெரிக்காவின் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லரி பேஜ், சேர்ஜி பிரின் இருவரும் ஒரு வழியைக் கண்டனர். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு யாராவது இணைப்புக் கொடுத்திருந்தால், அதை ஒரு சிபாரிசாகக் கொள்ளலாம் என்பதே அவ்வழி. சிபாரிசு செய்பவர் யார் என்பதும் கணக்கில் எடுக்கப்படும். வேலைக்கு மனுப் போடும் பிள்ளைக்குப் பாடசாலை அதிபர் கொடுக்கும் கடிதத்துக்கும் சந்திக் கடையில் நிற்பவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு எமக்குத் தெரிந்ததே.

இன்று இதனோடு நூற்றுக்கணக்கான வேறு அடையாளங்களும் பார்க்கப்படுகின்றன. பக்கம் கைத்தொலைபேசியில் விரைவாகத் திறக்கின்றதா, கேட்ட கேள்விக்கு விடை அதில் உண்டா, எழுதியவர் அவ்விடயத்தை அறிந்தவரா என்றெல்லாம் பார்க்கின்றது. 2024இலிருந்து பல கேள்விகளுக்குக் கூகுள் தானே ஒரு விடையைத் தொகுத்து உச்சியில் தருகின்றது. அந்த விடையையும் அது பிறருடைய பக்கங்களிலிருந்துதான் பொறுக்குகின்றது. உச்சியில் விளம்பரமும் வரும். அது காசு கொடுத்து வாங்கும் இடம். காசு நின்ற அன்றே இடமும் போய்விடும். காசு கொடாமல் கீழே இயல்பாக வரும் வரிசையில் மேலே வருவதற்கான வேலையையே எஸ்.ஈ.ஓ. என்கிறார்கள். தமிழில் தேடுபொறி உகப்பாக்கம் என்று எழுதுகிறார்கள். பெயர்தான் பெரிது.

கறுவாவின் கதை

எமது நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கறுவா என்று உலகச் சந்தையில் விற்கப்படுவதில் பெரும்பகுதி எமது கறுவா அல்ல. சீனா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து வரும் கசியா என்னும் மலிவான தடித்த பட்டையே அது. இரண்டுக்கும் பல நாடுகளில் ஒரே பெயர். 2006இல் ஜேர்மனியின் அரச இடர் மதிப்பீட்டு நிறுவனம், கசியாவில் கூமரின் என்னும் பொருள் அதிகமாக உள்ளதென்றும், அதை அளவுக்கு மேல் உண்டால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்படலாம் என்றும் எச்சரித்தது. இலங்கைக் கறுவாவில் அப்பொருள் மிகச் சொற்பம். அதுவரை விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்களில் ஒரு பகுதியினர், 'இவ்விரண்டையும் எப்படி வேறுபடுத்துவது?' என்று கேட்கத் தொடங்கினர். கடையில் கேட்க முடியாததைக் கணினியில் கேட்டனர்.

அக்கேள்விக்கு விடை எழுதி வைத்தவர்களைத்தான் அவர்கள் கண்டடைந்தனர். எமது கறுவா மெல்லிய பட்டைகள் பல சுருண்டு சுருட்டுப் போல இருக்கும், கையால் நொருக்கலாம். கசியா ஒரே தடித்த பட்டை, நொருக்குவது கடினம். சுவையிலும் மணத்திலும் வேறுபாடு உண்டு. இதைப் படத்தோடு தெளிவாக எழுதிய விற்பனையாளர் எவரும் 'எங்களிடம் வாங்குங்கள்' என்று கத்தவேண்டியிருக்கவில்லை. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கு கிடைத்த முதலாவது பாதுகாப்பு அது. சட்டம் பெயரைக் காத்தது. ஆனால் வேறுபாட்டை வாங்குபவர் மனதில் பதித்தது விளக்கமே.

இப்படி விளக்கத்தின் வழியே வாங்குபவரை அடைவதை உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் என்று இப்போது அழைக்கின்றனர். புதியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கலப்பை செய்து விற்ற ஜோன் டியர் நிறுவனம் 1895இலேயே விவசாயிகளுக்கென 'உழவுசால்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சஞ்சிகையைத் தொடங்கியது. விவசாயத்தைப் பற்றி எழுதியது. வாசித்தவர்கள் நாளடைவில் அந்நிறுவனத்தின் கலப்பையையும் நம்பினர். (எமது இந்தக் காலாண்டிதழ் எந்தக் கலப்பையையும் விற்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக.)

இரத்தோட்டை மிளகுக்கு வருவோம்

இலங்கை மிளகில் காரத்தைத் தரும் பிப்பெரின் என்னும் பொருள் கூடுதலாக உண்டென்பது வர்த்தகர் அறிந்த செய்தி. மாத்தளை மாவட்டம் மிளகு விளையும் முக்கிய மாவட்டங்களில் ஒன்று. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேயே இருக்கின்றது. இத்தனை இருந்தும் எமது மிளகு ஊரின் பெயர் இல்லாமல் சாக்கில் ஏறிப் போய்விடுகின்றது.

மிளகு வாங்க நினைப்பவர் என்ன கேட்பார்? எங்கே விளைந்தது, எப்படி உலர்த்தினீர்கள், ஈரப்பதன் எவ்வளவு, பூஞ்சணம் பிடிக்காமல் எப்படி வைத்திருக்கிறீர்கள், ஒரு லீற்றர் மிளகு எத்தனை கிராம் நிறுக்கும், ஒரு கிலோ மட்டும் தபாலில் அனுப்புவீர்களா? இக்கேள்விகளுக்கு விடை எந்த எஸ்.ஈ.ஓ. நிபுணருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். குலையில் ஓரிரு மணிகள் சிவக்கும்போது பறிப்பது, பறித்ததைச் சுடுநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தால் மணிகள் ஒரே சீராகக் கறுப்பது, தரையில் அல்லாமல் பாயிலோ தட்டியிலோ உலர்த்துவது, ஈரப்பதன் 12 வீதத்துக்கு மேற்படாமல் பார்ப்பது, மழை வந்தால் என்ன செய்வது - இவற்றை ஒரு தாய் சொல்ல, உயர்தரம் படிக்கும் மகளோ மகனோ கைத்தொலைபேசியில் எழுதினால் அதுவே பக்கம். உங்கள் பாயையும் உங்கள் மிளகையும் நீங்களே எடுத்த படம் நான்கு போதும். இணையத்தில் கிடக்கும் அழகான படத்தை எடுத்து ஒட்ட வேண்டாம். அது வேறொருவருடையது, வாங்குபவரும் அதைப் பத்து இடத்தில் பார்த்திருப்பார்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் ஒரு பெயரால் அழைப்பதை வாங்குபவர் வேறொரு பெயரால் தேடுவார். எமது ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தோட்டை, ரத்தோட்டை, ரத்தோட்ட என்று தமிழில் எழுதுகிறோம். ஆங்கிலத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துமுறைகள் உண்டு. சிங்களத்தில் தேடுபவரும் உளர். ஒரே பெயரை ஐம்பது தடவை எழுதித் திணிக்கத் தேவையில்லை. வழக்கிலுள்ள வடிவங்கள் இயல்பாக ஓரிடத்தில் வந்தால் போதும். மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று அறியக் காசும் வேண்டாம்: கூகுளில் 'மிளகு' என்று எழுதி நிறுத்துங்கள், அதன் கீழே அது தானாகக் காட்டும் சொற்றொடர்கள் பிறர் தேடியவையே. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அவ்வாறே செய்து பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். வெளிநாட்டவரை எண்ணினால் ஆங்கிலப் பக்கம் அவசியம். பாடசாலை ஆங்கில ஆசிரியரின் உதவியைக் கேட்கலாம்.

இணையத்தளமே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. கூகுள் வரைபடத்தில் உங்கள் தொழிலை இலவசமாகப் பதியலாம். ரிவஸ்டனைப் பார்க்க வருபவர்கள் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் வாசனைத் திரவியங்களையும் அதில்தான் தேடுகிறார்கள். இங்கே இடம்பெயர்ந்தவர்கள் கவனிக்க வேண்டிய முக்கிய விடயம் ஒன்று உண்டு. முன்பு பதிந்த இடம் வரைபடத்தில் அப்படியே கிடந்தால், அது வருகிறவரை மண் சரிந்த இடத்துக்கே கூட்டிச் செல்லும். வாடிக்கையாளர் போவது ஒருபுறமிருக்க, உயிருக்கும் ஆபத்து. இன்று நீங்கள் இருக்கும் இடத்துக்கு அதை மாற்றுங்கள், அல்லது மூடிவிடுங்கள். மாறிய தொலைபேசி இலக்கத்தையும் திருத்துங்கள்.

கொடி போய்விட்டவர்கள் என்ன எழுதுவது என்று கேட்கலாம். புதிதாக நட்ட மிளகு பலன் தர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும். அந்த மூன்று ஆண்டும் வாய் மூடியிருந்தால் பழைய கொள்வனவாளர் வேறிடம் பார்த்துக்கொள்வார். முதலில் அவர்களுடைய இலக்கங்களைத் தேடி எடுத்து, நடந்ததையும் இனி எப்போது மிளகு கிடைக்கும் என்பதையும் உள்ளபடி அறிவியுங்கள். எந்த இடத்தில் நடுகிறீர்கள், தாங்குமரத்துக்கு எதை வைத்தீர்கள், எத்தனை கொடி பிடித்தது என்று மாதம் ஒருமுறை எழுதுங்கள். இடையில் சங்கத்தின் மற்ற உறுப்பினர்களின் மிளகை விற்றுக் கொடுக்கலாம். அப்போது அது அவர்களுடையது என்றே எழுத வேண்டும்.

அனர்த்தத்தைப் பற்றியும் எழுதலாம். ஒருமுறை, திகதியோடு, உள்ளது உள்ளபடி. ஒவ்வொரு பக்கத்திலும் இடிந்த சுவரின் படத்தைப் போட்டு விற்பதை நான் விரும்பவில்லை. இரக்கப்பட்டு வாங்குபவர் ஒரு தடவை வாங்குவார். மிளகு நல்லதென்று வாங்குபவர் அடுத்த வருடமும் வருவார். பத்திரம் பெறாமல் 'சேதன உற்பத்தி' என்று எழுதவும் வேண்டாம். நீங்கள் இரசாயன உரம் போடுவதில்லை என்றால் அதையே எழுதுங்கள்.

குறுக்கு வழியால் நேர்ந்தவை

முதலாம் இடம் நிச்சயம் என்று எவரும் உறுதி கூற முடியாதெனக் கூகுள் நிறுவனமே தனது வழிகாட்டலில் எச்சரிக்கின்றது. ஆகவே உறுதி தருபவரிடம் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். 2006 பெப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜேர்மன் இணையத்தளத்தைக் கூகுள் தன் அடைவிலிருந்து நீக்கியது. தேடுபொறிக்குச் சொற்கள் திணித்த ஒரு பக்கத்தையும், மனிதருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியதே காரணம். 2011இல் ஜே.சி. பெனி என்ற பெரிய அமெரிக்கக் கடையின் இணையத்தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்புகள் ஒழுங்கு செய்யப்பட்டிருந்ததை 'நியூயோர்க் டைம்ஸ்' வெளிப்படுத்தியது. உடனே கூகுள் அதைப் பின்னுக்குத் தள்ளியது. தமக்கு இது தெரியாதென்று கூறிய கடை, வேலையைச் செய்த நிறுவனத்தை விலக்கியது. ஆனாலும் இடம் இழந்தது கடைதான். இத்தகைய நிறுவனங்கள் விழுந்து எழும்பும். எமது சங்கங்களால் அது முடியாது. பொய்யான பாராட்டுகளை எழுதுவிப்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது.

பெயர் யார் கையில்?

இணைய முகவரி என்பது காணி போன்றது. அதற்கும் உறுதி உண்டு. இலங்கைக்குரிய முகவரிகள் 1990இலிருந்து பதியப்பட்டு வருகின்றன. 2010இல் 'இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரிக்கும் அனுமதி கிடைத்தது. இணையத்தளம் செய்து தருபவர் பெரும்பாலும் வசதிக்காகத் தன் பெயரிலேயே முகவரியைப் பதிந்துவிடுவார். நான் அறிந்த ஒரு சங்கத்துக்கு இது நேர்ந்தது. இரண்டாம் வருடம் புதுப்பிக்கும் வேளையில், செய்து கொடுத்தவர் கேட்ட தொகை முதலில் கொடுத்ததை விட அதிகம். கொடுக்க முடியவில்லை. பொதிகளில் அச்சடித்த முகவரி இன்று வேறு எதற்கோ திறக்கின்றது.

காணி உறுதியை வெள்ளத்தில் தொலைத்துவிட்டுப் பிரதேச செயலகத்துக்கு அலைந்தவர்களுக்கு இதை நான் நீட்டி விளக்கத் தேவையில்லை. முகவரி சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் பதியப்பட வேண்டும். பணம் கட்டிய பற்றுச்சீட்டு சங்கத்தின் கோவையில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தலைவருக்கும் பொருளாளருக்கும் தெரிந்திருக்கச் செய்து, எழுதிய தாளை உறையிலிட்டு ஒட்டி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை வைக்கும் அதே பொலித்தீன் பையில் வையுங்கள். புதுப்பிக்கும் திகதியை நாட்காட்டியில் ஒரு மாதம் முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள்.