கதையிற் பொருளும் அதன் பயனும்

கதையில் மாந்தர் மட்டுமன்றிப் பொருள்களும் தொழில் புரிவன. மோதிரம், கடிதம் போன்ற சிறு பொருளொன்று முற்பகுதியில் ஆரவாரமின்றித் தோன்றிப் பிற்பகுதியிற் கதையின் போக்கையே மாற்றிவிடுதலுண்டு. எவரும் சுட எண்ணாத துப்பாக்கியைக் குண்டு நிரப்பி மேடையில் வைத்தலாகாது என்னும் கருத்தை, உருசிய எழுத்தாளர் அன்ரன் செகோவ் 1889ஆம் ஆண்டுக் கடிதமொன்றிற் கூறினார். இவ்விதிக்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. முடிவிற் பயன்படும் பொருள் முன்னரே வாசகன் கண்ணிற் பட்டிருத்தல் வேண்டும். ஆயின், எதற்காகக் காட்டப்பட்டதென்பதை அவன் அப்பொழுதே அறிந்துவிடலாகாது. முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விரண்டையும் இணைக்கும் வழி, பொருளுக்கு முதலில் இயல்பான வேறொரு தொழிலைக் கொடுத்தலேயாம்.

பிரெஞ்சு எழுத்தாளர் மோப்பசான் 1884இல் வெளியிட்ட கழுத்தணி பற்றிய சிறுகதை இதற்குத் தக்க சான்றாகும். விருந்துக்காகத் தோழியிடம் இரவல் பெற்ற வைரமாலையை எழுத்தர் ஒருவரின் மனைவி தொலைத்துவிடுகின்றாள். கணவனும் மனைவியும் 36,000 பிராங்குக்கு அதுபோன்ற மாலையொன்றை வாங்கிக் கொடுத்து, பத்தாண்டுகள் உழைத்துக் கடன் தீர்க்கின்றனர். தொலைந்தது போலி மாலை என்பது இறுதியிலேயே தெரியவருகின்றது. ஆனால், பேழையிற் பெயர் பொறித்திருந்த நகை வணிகர், தாம் அம்மாலையை விற்கவில்லையென்றும் பேழையை மட்டுமே கொடுத்திருக்கலாமென்றும் முன்னரே கூறியுள்ளார். அவ்விடத்தில் அது தேடுதலில் நேர்ந்த ஒரு தோல்வியாகவே தோன்றும். கதையை முடித்து மீண்டும் நோக்குவோர்க்கே அது குறிப்பெனப் புலப்படும்.

இம்முறையின் நிறைவைச் சிலப்பதிகாரத்திற் காணலாம். கோவலன் பிரிந்த காலத்துக் கண்ணகியின் அடிகள் சிலம்பை நீத்திருந்தன என அந்திமாலைச் சிறப்புச்செய் காதை கூறும். அங்கே சிலம்பு பிரிவுத்துயரின் அடையாளம். பொருளிழந்து நாணி மீண்ட கணவனிடம், கனாத்திறம் உரைத்த காதையில், அவள் சிலம்பு உளதென்கின்றாள். அது மனைவியின் அன்பாகவும் வணிகன் மகனுக்கு முதலாகவும் ஆகின்றது. மதுரையில் அதுவே களவுக் குற்றத்துக்குச் சான்றாக்கப்படுகின்றது. வழக்குரை காதையில் அதுவே நீதிக்கும் சாட்சியாகின்றது. சிலம்பு இணையாதலின், ஒன்று விற்பனைக்குச் சென்றபோதும் மற்றொன்று கண்ணகியிடம் எஞ்சி நின்றது என்பதும் நோக்கற்பாலது.

அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனையே கோவலன் சந்தித்தமை தற்செயல். ஆனால் உண்மை வெளிப்பட்டமை தற்செயலன்று. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் எனக் கண்ணகியும், தம்முடையது முத்து எனப் பாண்டியனும் உடைக்குமுன்னரே உரைத்துவிடுகின்றனர். அதன்பின் எவரும் வாதிட வேண்டியதில்லை. உடைந்த சிலம்பே தீர்ப்பளிக்கின்றது. தானே கள்வனென உணர்ந்த அரசன் உயிர் நீக்கின்றான். தற்செயல் துன்பத்தைத் தொடக்கலாம். அதனைத் தீர்க்க வருவது முன்னரே கதைக்குள் இருந்ததாதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

சிறுகதை எழுதப் புகும் மாணவர் பலர், சிக்கல் முற்றியபின் எங்கிருந்தோ ஒரு கடிதத்தையோ புதையலையோ வருவித்து முடிவு காண்பர். அது வாசகன் வைத்த நம்பிக்கைக்கு இழைக்கும் அநீதியாகும். முடிவை எழுதியபின் முதற்பக்கத்துக்கு மீண்டு, அப்பொருளுக்கு ஆங்கோர் இயல்பான இடம் அமைத்தல் வேண்டும். இடம் அமையாதெனின், மாற்ற வேண்டியது முடிவே என்க.