கோப்பையில் படம் அச்சிடும் எந்திரம்: பணம் கட்டும் முன் ஐந்து கோப்பை சோதனை

தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் சித்தூர் மாவட்டம் சாந்திபுரம், குப்பம் பகுதிகளில், கோப்பையில் படம் அச்சிடுவது வீட்டிலிருந்தே செய்யத்தக்க சிறுதொழில். ஆனால், மலிவு எந்திரம் முதலையே விழுங்கிவிடக்கூடும்.

இதற்கான மை தனி வகை. சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில், உருகாமலே ஆவியாகி, கோப்பையின் மேலுள்ள பாலியெஸ்டர் பூச்சுக்குள் புகுந்துகொள்ளும். பூச்சில்லாத சாதாரணக் கோப்பையில் இந்த நிறம் நிற்காது.

எனவே விற்பவரின் கடையிலேயே, ஒரே நிறத்தைச் சுற்றிலும் அச்சிட்டு, அடுத்தடுத்து ஐந்து கோப்பைகள் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். ஓரம் மட்டும் வெளுத்தால் சூடோ, அழுத்தமோ சமமாக இல்லை. முதல் கோப்பையும் ஐந்தாவதும் வேறுபட்டால், சூடு நிலையாக நிற்கவில்லை. எர்த் இணைப்பு உள்ள மூன்று முள் பிளக்தானா என்றும் பாருங்கள்.

ஐந்து கோப்பைகளின் விலை கொஞ்சம்தான். வீணான எந்திரத்தில் முடங்குவதோ பல மாதச் சேமிப்பு!