இருட்டைக் கணக்கு வைக்கும் அவரை

ஆடிப்பெருக்கன்று ஊன்றிய அவரை விதை ஒரு வாரத்துக்குள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்துவிடும். சென்னையை அடுத்துள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிப் பந்தலுக்கு வருடாவருடம் அதுதான் முதல் கொடி. கூடவே பாகல், பீர்க்கு. வேலியோரமாக ஒரு பரங்கி. ஆவணி மழை விழுந்ததும் நான்கும் போட்டி போட்டு ஓடும்.

பாகலின் பற்றுக்கம்பியை ஒரு காலைப்பொழுது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பச்சை நூல்போல நீண்டு காற்றில் துழாவும். கயிற்றைத் தொட்ட இடத்தில் நுனி வளைந்து பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு நடுப்பகுதி சுருள ஆரம்பிக்கும். இரு முனையும் கட்டுண்டு கிடப்பதால் ஒரே பக்கமாகச் சுருண்டுகொண்டே போக வழியில்லை. ஆகவே பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் சுருளும். நடுவில் சின்னதாக ஒரு திருப்பம். ஏறுகொடிகளைப் பற்றி 1875இல் வெளியிட்ட நூலில் டார்வின் இதை விளக்கியிருக்கிறார். ஐப்பசிக் காற்றில் பந்தலே ஆடும்போது கொடி அறுந்துபோகாமல் காப்பது இந்த ஸ்பிரிங்தான்.

புரட்டாசியில் பரங்கி பூக்கும். “இத்தனை பூ பூத்தும் ஒரு பிஞ்சுகூட நிக்கலையே” என்று அம்மா அங்கலாய்ப்பார். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். பூவுக்கு அடியில் கோலிக்குண்டுபோல ஒரு பிஞ்சு இருந்தால்தான் அது பெண் பூ. விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் கூம்பிவிடும்; அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். பீர்க்கு மலர்வதோ அந்தி சாயும்போது.

அவரை மட்டும் அதுவரை இலையாகவே படர்ந்துகொண்டிருக்கும். ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் நம் ஊர்க் கொடி அவரை பூப்பது ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான். காரணம், அது இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி.

சென்னையில் ஜூன் மாதம் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம் நீடிக்கும். டிசம்பரில் அது 11 மணி 20 நிமிடமாகக் குறையும். மொத்தமே ஒன்றரை மணி நேர வித்தியாசம், அதுவும் ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. நமக்கு உறைக்காத அந்த மாற்றம் அவரைக்கு உறைக்கிறது என்பது என்னைத் திரும்பத் திரும்ப வியக்க வைக்கிறது. பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பைப் புகையிலை, சோயா செடிகளைக் கொண்டு 1920இல் நிறுவியவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும். 1938இல் ஹாம்னர், பானர் இருவரும் ஒரு களைச்செடிக்கு நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கு காட்டினார்கள். அது பூக்கவில்லை. செடிக்கு வேண்டியது இடையில் அறுபடாத இருட்டு என்று அப்போது தெரிந்தது. இலையில் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமிதான் அந்த வெளிச்சத்தை உணர்கிறது.

போன வருடம் இதை எங்கள் பந்தலிலேயே கண்டேன். திருட்டுப் பயத்தில் கொல்லைக் கதவுக்கு மேலே விடிய விடிய எரியும்படி ஓர் எல்இடி விளக்கு போட்டிருந்தோம். கார்த்திகையில் கிணற்றுப் பக்கம் ஊதா நிறப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நின்றன. விளக்குப் பக்கம் வெறும் இலை. உரம் போதவில்லை என்று நினைத்து எருவை அள்ளிப் போட்டேன். இலைதான் இன்னும் கருகருவென்று வளர்ந்தது. விளக்கை நிறுத்திய பிறகு, மார்கழிக் கடைசியில்தான் அங்கே மொட்டு வந்தது. அதற்குள் அசுவினியும் வந்துவிட்டது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை ரகங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. எந்தப் பட்டத்திலும் காய்க்கும். வாசனைக்கும் ருசிக்கும் என் ஓட்டு கொடி அவரைக்கே.

உங்கள் வீட்டு அவரை கார்த்திகை பிறந்தும் பூக்கவில்லையா? உரம் வாங்கப் போகுமுன் ராத்திரி ஒருமுறை பந்தலடியில் போய் நில்லுங்கள். இலைமேல் வெளிச்சம் விழுந்தால் விளக்கை அணையுங்கள். தெருவிளக்கு என்றால் அந்தப் பக்கம் ஒரு பழைய சாக்கைக் கட்டித் தொங்கவிடுங்கள்.