குறி தவறுவது கையாலா, கருவியாலா?

அந்தமான் தீவுகளிலிருந்து ஆண்டுதோறும் நம் தமிழ்ப் பிள்ளைகள் என்.சி.சி. முகாம்களுக்கும், காவல்துறை, ராணுவப் பயிற்சிகளுக்கும் செல்கின்றனர். அங்கே துப்பாக்கியை முதன்முதலாகக் கையில் எடுக்கும்போது அவர்கள் காதில் விழும் சொல் ‘ஜீரோ’. அதன் பொருள் விளங்காததால் நன்றாகச் சுடுகிற பிள்ளைகூட மனம் சோர்ந்துவிடுவதுண்டு. எனவே அதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

துப்பாக்கிக் குழலின் நுனியில் ஒரு முள்ளும், கண்ணுக்கு அருகில் ஒரு துளையோ பள்ளமோ இருக்கும். முன்னதை முன்குறி என்றும், பின்னதைப் பின்குறி என்றும் வைத்துக்கொள்வோம். இவை இரண்டையும் இலக்கையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பார்க்கிறோம். நம் பார்வைக் கோடு நேரானது. குண்டு செல்லும் பாதையோ நேரானதன்று. .22 துப்பாக்கியின் குண்டு 25 மீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பால் சுமார் 3 சென்டிமீட்டர் இறங்கிவிடும். 50 மீட்டரில் இந்த இறக்கம் 12 சென்டிமீட்டருக்கும் மேல். ஆகவே குழல் சற்றே மேல்நோக்கி இருக்க வேண்டும். பார்வைக் கோடும் குண்டின் பாதையும் நாம் விரும்பும் தூரத்தில் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி குறிகளைச் சரிசெய்வதே ஜீரோ செய்தல்.

புதுத் துப்பாக்கிக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நம் திருச்சியில் செய்ததானாலும், வங்காளத்து இஷாப்பூரில் செய்ததானாலும், இயந்திர வேலையில் இம்மியளவு வேறுபாடு இருந்தே தீரும். இரு குறிகளுக்கும் இடையே அரை மீட்டர் என்று கொள்வோம். முன்குறி 0.1 மில்லிமீட்டர் விலகியிருந்தால், 100 மீட்டரில் குண்டு 20 மில்லிமீட்டர் விலகும். தொழிற்சாலையில் சரிபார்த்தே அனுப்பினாலும், அங்கே பார்த்த கண் வேறு, தோளில் அணைத்த விதம் வேறு. தோட்டா வகை மாறினாலும் ஜீரோ மாறும்.

ரயில்வேயில் வேலை பார்த்த நாளில் டம்பி லெவலை வைத்து மட்டம் எடுப்போம். புதுக் கருவி வந்ததும் இரண்டு முளைகளை அடித்து, முதலில் கருவியை நடுவில் வைத்து இரு முளைகளின் அளவையும் எடுப்போம். இருபுறமும் தூரம் சமமாதலால் கருவியின் பிழை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பிறகு ஒரு முளையருகே வைத்து மறுபடி பார்ப்போம். வித்தியாசம் வந்தால் பிழை கருவியில் இருக்கிறது, பார்ப்பவரிடம் இல்லை. துப்பாக்கியிலும் இதேபோல் ஆளின் பிழையையும் கருவியின் பிழையையும் முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்குத்தான் ‘குரூப்பிங்’.

மணல் மூட்டையின்மேல் துப்பாக்கியைத் தாங்கி, மூச்சை அடக்கி, விசையை மெல்ல அழுத்தி, ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து முறை சுட வேண்டும். இடையில் குறியை மாற்றக் கூடாது. ஐந்து ஓட்டைகளும் தாளெங்கும் சிதறியிருந்தால் குறை சுடுபவரிடம் இருக்கலாம்; மேலும் பயிற்சி தேவை. அவை ஒன்றாய்க் கூடி, ஆனால் நடுவிலிருந்து விலகியிருந்தால் சுடுபவர் தம் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார். குறியைத்தான் திருத்த வேண்டும். ஒரே ஒரு குண்டைப் பார்த்துத் திருத்துவது தவறு.

லாங் ஐலண்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்) கல்லூரியில் படிக்கிறான். முகாமிலிருந்து வந்தவன், “எனக்குக் கண் சரியில்லை தாத்தா, இனிமேல் போகப்போவதில்லை” என்றான். அவன் சுட்ட தாளை வாங்கிப் பார்த்தேன். 25 மீட்டரில் ஐந்து ஓட்டைகளும் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் இருந்தன; நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளி. நடுவில் படவில்லை என்பதால் அவனுக்கு மதிப்பெண் இல்லை. அந்தத் துப்பாக்கியை அவன் கண்ணுக்கு யாரும் ஜீரோ செய்து கொடுக்கவில்லை. அவ்வளவுதான் குறை.

திருத்தும் கணக்கு எளியது. விலகலைக் குறிகளின் இடைவெளியால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். அவன் தாளுக்கு: 50 பெருக்கல் 500 வகுத்தல் 25,000. விடை 1 மில்லிமீட்டர். எந்தப் பக்கம் நகர்த்துவது? முன்குறியானால் குண்டு விலகிய பக்கமே நகர்த்த வேண்டும். பின்குறியானால் அதற்கு எதிர்ப்பக்கம். குண்டு தாழ்வாகப் பட்டால் முன்குறியைத் தாழ்த்த வேண்டும், அல்லது பின்குறியை உயர்த்த வேண்டும். பழைய .303 துப்பாக்கிகளுக்கு வெவ்வேறு உயரமுள்ள முன்குறி முள்களை ஆர்மரர் மாற்றிப் பொருத்துவார். திருத்தியபின் மறுபடி ஐந்து சுட்டுச் சரிபார்க்க வேண்டும். இவை யாவும் அனுமதி பெற்ற சுடுதளத்தில், அதிகாரியின் கட்டளைப்படிதான் செய்ய வேண்டும்; குறியைத் திருத்துவது தோட்டா நீக்கிய துப்பாக்கியில்தான்.

எங்கள் ஊர் ஒரு காலத்தில் ப்ளைவுட் ஆலை இருந்த ஊர். ஈரத்தில் மரம் என்ன பாடுபடும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மரக்கட்டை பொருத்திய துப்பாக்கியும் அப்படியே. மழைக்காலத்தில் கட்டை உப்பிக் குழலை அழுத்தினால், கோடையில் செய்த ஜீரோ மாறிவிடும். மறுபடி சரிபார்ப்பது நல்லது.

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கம் வென்றார். அந்தப் போட்டியிலும் மதிப்பெண் கணக்கு தொடங்குமுன், ஆயத்தம் செய்யவும் குறி சரிபார்க்கவும் வீரர்களுக்கு 15 நிமிடம் தரப்படுகிறது. உலக வீரர்களுக்கே அது தேவை என்றால், முதல்முறை சுடும் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவை!

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை முகாமிலிருந்து திரும்பினால் எத்தனை மதிப்பெண் என்று மட்டும் கேளாதீர்கள். சுட்ட தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓட்டைகள் ஒன்றாய்க் கூடியிருந்தால் தட்டிக்கொடுங்கள். அடுத்த முறை பயிற்சியாளரிடம், “ஐயா, என் கண்ணுக்கு ஜீரோ செய்து தாருங்கள்” என்று பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள்.