உரித்து எறியப்படும் உறை

மணிக்கட்டு வழியாக இதயத்துக்குப் போகும் கத்தீட்டருக்கு இடம் மிகக் குறைவு. அந்தத் தமனியின் உள்விட்டமே பலருக்கு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். குழாயின் வெளிவிட்டம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுவர் 200 மைக்ரான் என்றால் உள்ளே 1.6 மில்லிமீட்டர் வழி கிடைக்கும். சுவரில் 50 மைக்ரானைக் குறைத்தால் வழி 1.7 மில்லிமீட்டர் ஆகும். அற்ப லாபம் போலத் தெரிகிறது. ஆனால் சீராக ஓடும் திரவத்தின் பாய்வு ஆரத்தின் நான்மடிக்கு ஏற்பக் கூடும் என்கிறது பாய்சொய் விதி. அதன்படி, அதே அழுத்தத்தில் கால் பங்குக்கும் மேல் கூடுதலாகத் திரவம் பாயும். ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லாத குறைப்பு அது!

இத்தனை மெல்லிய சுவரை ஒரே பொருளால் செய்துவிட முடியாது. உட்புறம் வழுக்க வேண்டும். கைப்பக்கம் திருகினால் நுனியும் திரும்ப வேண்டும். நுனி ரத்தக் குழாயைக் குத்தாத அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு எஃகுக் கம்பியின்மேல் முதலில் டெஃப்லான் குழாயை மாட்டுகிறார்கள். அதன்மேல் மெல்லிய எஃகு இழைகளைப் பின்னுகிறார்கள். அதற்கும் மேலே பெபாக்ஸ் என்னும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை வரிசையாகக் கோக்கிறார்கள். கைப்பக்கம் கடினமான துண்டு, நுனிப்பக்கம் மிருதுவான துண்டு. கடைசியாக எல்லாவற்றையும் மூடி, எஃப்.இ.பி. என்ற டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கில் செய்த, சூட்டில் சுருங்கும் உறையைப் போர்த்துகிறார்கள்.

பிறகு சூடு. பெபாக்ஸ் அதன் வகைக்கு ஏற்ப ஏறத்தாழ 135 முதல் 175 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். எஃப்.இ.பி. உருக 260 டிகிரி வேண்டும். சுருங்கவோ 200 டிகிரியை ஒட்டிய சூடே போதும். உள்ளே பெபாக்ஸ் உருகிக் கிடக்கும்போது, வெளியே உறை உருகாமல் இறுகுகிறது. அந்த இறுக்கம் உருகிய பிளாஸ்டிக்கை எஃகுப் பின்னலின் இடுக்குகளுக்குள் தள்ளி, டெஃப்லானோடு சேர்த்து அழுத்துகிறது. துண்டுகள் மூட்டுத் தெரியாமல் ஒன்றாகின்றன. ஆறியதும் உறையைக் கீறி உரித்து எறிந்துவிடுகிறார்கள். கத்தீட்டருக்கு வடிவம் தந்த அந்த உறை நோயாளியின் உடலுக்குள் போவதே இல்லை. மருத்துவக் கருவித் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான்.

உறை ஏன் சுருங்குகிறது? பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் சுருண்டு கிடக்கவே விரும்புபவை. சூடாக்கி, விரித்து, விரித்த நிலையிலேயே குளிர்வித்தால் அவை நீண்டபடி உறைந்துவிடும். மறுபடி சூடு பட்டதும் விடுபட்டுச் சுருளும். பாலிஎத்திலீனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டாகின்றன என்று ஆர்தர் சார்லஸ்பி 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் காட்டினார். பிணைப்பு இருந்தால் அவை ஒன்றைவிட்டு ஒன்று நழுவாமல் பழைய வடிவத்துக்குத் திரும்பும். 1957இல் கலிஃபோர்னியாவில் பால் குக் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இதைத் தொழிலாக்கியது. மின்கம்பி மூட்டுகளை மூடும் சுருங்கும் குழாய்கள் அங்கிருந்து பரவின. எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் கதிர்வீச்சு தேவையில்லை. குடிநீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை இழுத்து விரித்தே சுருங்கும் குழாய் செய்கிறார்கள். அதன் சுவரை 5 மைக்ரான் வரை மெலிய வைக்க முடியும்.

மெலிவுக்கும் எல்லை உண்டு. வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில், மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவியின் தண்டை மின்காப்பு உறை மூடியிருக்கும். பல கருவிகளில் அது சூட்டில் சுருக்கிப் போர்த்திய குழாய்தான். இந்த உறையை யாரும் உரிப்பதில்லை. கடைசிவரை தண்டோடு இருந்து, ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும் மின்னழுத்தத்தை அது தடுத்தாக வேண்டும். திரும்பத் திரும்பப் பயன்படும் கருவிகள் 134 டிகிரி நீராவியில் கிருமிநீக்கம் ஆகி ஆகி உறையில் நுண்விரிசல் விழலாம். அங்கே கசியும் மின்சாரம், கேமராவின் பார்வைக்கு வெளியே குடலைச் சுட்டுவிடும். வெறும் கண்ணுக்கு அகப்படாத விரிசலையும் காட்டிக்கொடுக்கும் மின்காப்புச் சோதனைக் கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அறுவைக்கு முன்பும் அந்தச் சோதனையை மருத்துவமனைகள் கட்டாயமாக்க வேண்டும்.