வால்வு ஆம்பிளிபயரும் கைவேலையின் பயனும்

மைக்ரோபோனின் முன் ஒருவர் பேசும்பொழுது அதில் தோன்றும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கேயாகும். ஒலிபெருக்கியை இயக்கவோ நாடாவில் ஒலியைப் பதிக்கவோ இது போதாது. இதனை வலிமையுறச் செய்யும் கருவியே ஆம்பிளிபயர் ஆகும். 1947இல் தோன்றிய டிரான்சிஸ்டர் இத்துறையில் வால்வின் இடத்தைப் பெரும்பாலும் கைப்பற்றிவிட்டது. ஆயினும், கையால் கட்டப்பெறும் வால்வுக் கருவிகளை விரும்புவோர் இன்றும் உளர். அவ்விருப்பத்திற்கு அடிப்படை உண்டா என்பது ஆராயத்தக்கது.

காற்று நீக்கப்பெற்ற வால்வினுள், சூடேறிய எதிர்மின்வாய் எலெக்ட்ரான்களை வெளிவிடுகிறது. சில நூறு வோல்ட் நேரழுத்தமுள்ள தகடு அவற்றைக் கவர்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே அமைந்த கம்பி வலைக்கு ‘கிரிட்’ என்று பெயர். இதனை 1906இல் சேர்த்தவர் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட். மதகைச் சிறிதளவு அசைத்தால் வாய்க்காலின் நீரோட்டம் பெரிதும் மாறுவது போல, கிரிட்டின் அழுத்தம் சிறிது மாறினும் எலெக்ட்ரான் ஓட்டம் பெரிதும் மாறுகிறது.

ஆனால், வால்வின் மின்தடை பல்லாயிரம் ஓம். ஒலிபெருக்கியின் தடையோ பொதுவாக 4 முதல் 16 ஓம் வரையே. இவ்விரண்டையும் பொருந்தச் செய்வது வெளியீட்டு டிரான்ஸ்பார்மர். கைத்திறன் பெரிதும் வேண்டப்படுவது இங்கேதான். முதற்சுற்றையும் துணைச்சுற்றையும் பல பகுதிகளாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிச் சுற்றினால் காந்தக் கசிவு குறைகிறது.

1947இல் டி. டி. என். வில்லியம்சன் என்பவர் பிரிட்டனின் ‘ஒயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட அமைப்பு இதற்குத் தக்க சான்று. ஆர்வலர் பலர் தம் இல்லத்திலேயே கட்டிய அக்கருவி, 15 வாட் ஆற்றலை 0.1 சதவீதத்திற்கும் குறைந்த திரிபுடன் அளித்தது. வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டிற்கு எதிராகத் திருப்பியனுப்பித் திரிபைக் குறைக்கும் முறை அதில் கையாளப்பட்டது. அமெரிக்கரான ஹரால்டு பிளாக் 1927இல் கண்ட முறை அது. டிரான்ஸ்பார்மர் தரங்குன்றியதாயின், திரும்பி வரும் பகுதி எதிர்ப்பதற்கு மாறாகத் துணைசெய்யத் தொடங்கும். கருவி தானே ஊளையிடும்.

எனவே, கைவேலையின் சிறப்பு அளந்தறியக் கூடியதேயன்றி மாயமன்று. வால்வின் ஒலி ‘இனிமையானது’ எனக் கூறப்படுவதும் அத்தகையதே. ஒற்றை டிரயோடு வால்வு ஓரளவு மிகையாக இயக்கப்படும்பொழுது, மூல அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கு அதிர்வெண்ணுள்ள ஒலியையும் சேர்க்கிறது. அது மேல் ஸ்தாயியின் அதே ஸ்வரமாதலால் செவிக்கு உறுத்துவதில்லை. இசையை ஆக்குவோர் அதனை வேண்டுமென்றே சேர்க்கலாம். உள்ளதை உள்ளவாறே கேட்க விரும்புவோர்க்கு அதுவும் ஒரு திரிபே.

பழைய வால்வுக் கருவிகளைக் கையாளும் ஆசிரியரும் களப்பணியாளரும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒலிபெருக்கியை இணைக்காமல் கருவியை இயக்கினால் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் பழுதுறலாம். மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் மின்தேக்கிகளில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கக் கூடும். அது உயிரையே போக்கவல்லது. ஆதலின், பயிற்சி பெற்றோர் தக்க மின்தடை வழியாக அதனை வெளியேற்றி, மீட்டரால் அளந்து உறுதிசெய்யும் வரை உட்பகுதியை எவரும் தொடலாகாது. மாணவர்க்கு இக்கருவியின் மூடியைத் திறவாமலே விளக்குதல் நலம்.