உங்களுக்குத் தெரியுமா? ராத்திரியில் உங்கள் கார் பேட்டரியைக் குடிப்பது யார்!

அந்தத் திருடனைப் பிடிக்கும் முன் ஆசிட் கசிகிறதா என்று பார்த்துவிடுவோம். அரியலூரில் சிமென்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறதே சுண்ணாம்புக் கல், அது சுமார் 7 கோடி வருஷத்துக்கு முந்தைய கடலின் மிச்சம்! உள்ளே அத்தனையும் சிப்பி! அதில் ஒரு சொட்டு பேட்டரி ஆசிட் விழுந்தால் நுரை பொங்கும். ஆசிட் செத்துப்போய் ஜிப்சம் பிறக்கும்! அதே ஜிப்சம் பெரம்பலூர் மாவட்டம் காரையில் களிமண்ணுக்குள் தானாகவே கோடு கோடாக ஓடிக் கிடக்கிறது!

வீட்டில் சுண்ணாம்புக் கல் இல்லையா? ஆப்ப சோடா இருக்குமே! தண்ணீரில் கரைத்துப் பேட்டரியின் வெளிப்பக்கம் தடவுங்கள். எந்த இடத்தில் புஸ்ஸென்று பொங்குகிறதோ அங்கேதான் ஆசிட் கசிகிறது! மூடிக்குள் மட்டும் ஒரு சொட்டும் போகக் கூடாது. போனால் உள்ளே இருக்கும் ஆசிட்டும் செத்துவிடும்!

டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறதா? நீலப் பச்சை நிறமென்றால் அது தாமிர சல்பேட். ஆசிட் உங்கள் ஒயரையே தின்றுகொண்டிருக்கிறது!

“பேட்டரியைச் சிமென்ட் தரையில் வைக்காதே, சார்ஜ் இறங்கிடும்!” சிமென்ட் ஊரிலேயே இதைச் சொல்லக் கேட்கலாம். சுத்தப் பொய்! மரப்பெட்டி, ரப்பர் பெட்டி காலத்துப் பயம் அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் பேட்டரியின் தலையில் படியும் புழுதி? அதுதான் திருடன்! புழுதியோடு ஆசிட் ஈரமும் சேர்ந்தால் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குத் திருட்டுப் பாதை தயார். மல்டிமீட்டரின் ஒரு முனையை மைனஸ் டெர்மினலில் வையுங்கள். மறு முனையால் வெறும் பிளாஸ்டிக் மூடியைத் தடவுங்கள். வோல்ட் காட்டும்! ஈரத் துணியால் ஒரு துடைப்பு, வேலை முடிந்தது.

செல்ஃப் அடிக்கும் அந்த 3 விநாடி, பேட்டரியிலிருந்து 200 ஆம்ப் வரை பாயும். வீட்டு ஒன்றரை டன் ஏசி இழுப்பதைவிட அதிகம்!

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். அந்த 3 விநாடிக்குச் செலவான மொத்தச் சார்ஜையும், டிக்கிக்குள் இருக்கும் 5 வாட் பல்பு வெறும் 24 நிமிடத்தில் குடித்துவிடும்! டிக்கி சரியாக மூடாமல் 2 நாள் அது எரிந்தால் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. திங்கட்கிழமை காலை “டக்… டக்…” சத்தம்தான் மிச்சம்!

சாவியை எடுத்த பிறகும் கார் கரண்ட் குடிக்கும்! கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 மில்லி ஆம்ப் வரை போனால் நல்ல கார் என்பார்கள். அந்த “நல்ல” கார்கூட 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியை ஒரே மாதத்தில் முழுசாகக் குடித்துத் தீர்த்துவிடும்! துபாயிலிருந்து லீவுக்கு வருகிறவர் காரைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அதிகமாகக் குடிக்கிறதா என்று எப்படிப் பிடிப்பது? மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்ப் அளவில் கோர்த்துவிடுங்கள். கதவைச் சாத்துங்கள். பிறகு… அரை மணி நேரம் சும்மா இருங்கள்! காரின் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். பொறுமை இல்லாதவர் மீட்டரைப் பார்த்து அலறிப் புதுப் பேட்டரி வாங்கிவிடுவார். தூங்கிய பிறகும் எண் இறங்கவில்லையென்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சரிகிறதோ அந்த லைனில் இருக்கிறான் திருடன்! மீட்டர் கோர்த்திருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பாதீர்கள். 10 ஆம்ப் மீட்டர் 200 ஆம்ப் தாங்குமா!

எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் எண் அசையவில்லையா? ஆல்டர்நேட்டரைப் பாருங்கள். உள்ளே வழக்கமாக 6 டயோடு. ஒன்று பழுதானாலும் போதும். பகலெல்லாம் சார்ஜ் ஏற்றிய ஆல்டர்நேட்டரே ராத்திரி முழுக்கத் திருப்பிக் குடிக்கும்!

12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருந்தால் அது கிட்டத்தட்டக் காலி! நிறைந்த பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 10.5 காட்டுகிறதா? ஆறு செல்லில் ஒன்று செத்திருக்கலாம்!

எஞ்சின் ஓடும்போது, வோல்ட் அளவில் இரு டெர்மினலிலும் வைத்த மீட்டர் 13.8 முதல் 14.5 வரை சொன்னால் எல்லாம் சுகம். 12.6ஐத் தாண்டவே இல்லையா? சார்ஜ் ஏறவில்லை. முதலில் பெல்ட்டைப் பாருங்கள்! 15ஐத் தாண்டுகிறதா? ரெகுலேட்டர் கதை முடிந்தது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே ஆசிட் கொதிக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு எட்டி நில்லுங்கள். கூடவே வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும்!

டேஷ்போர்டில் எரியும் சிவப்புப் பேட்டரி விளக்கு பேட்டரிக்கானதே அல்ல. சார்ஜ் ஏறவில்லை என்று சொல்வதற்கானது! பழைய கார்கள் பலவற்றில் அந்தக் குட்டி பல்பு ஃபியூஸ் போனால் ஆல்டர்நேட்டர் வேலை செய்யவே மறுக்கும்!

பேட்டரி மேல் பச்சைக் கண் இருக்கிறதே, நம்பிவிடாதீர்கள். அது பார்ப்பது 6 செல்லில் ஒரே ஒரு செல்லை! மற்ற ஐந்தும் கடவுள் விட்ட வழி.

பேட்டரியைக் கொல்வது குளிர் இல்லை, வெயில்! வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பேட்டரிக்காரர்கள் கணக்கு. பெரம்பலூர் அக்னி நட்சத்திரத்தில் பானெட்டுக்கு அடியில் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காரைவிடப் பேட்டரிதான் மூத்தது! பிரெஞ்சுக்காரர் பிளாண்டே ஈயப் பேட்டரி செய்தது 1859. பென்ஸ் தன் காருக்குக் காப்புரிமை வாங்கியது 1886. 27 வயது வித்தியாசம்!

பேட்டரி ஆராய்ச்சிக்கு நம்மூரிலேயே ஒரு கோட்டை உண்டு. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம்! அழகப்பச் செட்டியார் கொடுத்தது 15 லட்சம் ரூபாய், கூடவே 300 ஏக்கர் நிலம். 1953 பொங்கலன்று திறந்தார்கள்!

கடைசியாக, நான் தேடிப் பிடித்ததிலேயே பெரிய மீன். உங்கள் கார் ஸ்டார்ட் ஆவதே ஐன்ஸ்டைன் தயவில்! ஈய அணு கனமானது. அதன் உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் சுமார் 60 சதவீத வேகத்தில் சுற்றுகின்றன. அங்கே ஐன்ஸ்டைனின் சார்பியல் விதி வேலை செய்யாவிட்டால் பெரும்பகுதி வோல்ட் வராது என்று 2011இல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு செல்லின் 2.1 வோல்ட்டில் 1.7க்கு மேல் அதனால் வருவது. ஆறு செல்லுக்கும் சேர்த்தால்… 10 வோல்ட்!